கிளமென்ட்டின் பெருவழி

பணி ஓய்வு பெற்ற ஆண்பிள்ளை நாள் முழுக்க வீட்டில் இருந்தால் பெண்டாட்டி பாடு திண்டாட்டம்தான் என்று என்னோடு வேலை பார்த்த டீச்சர்கள் எல்லாரும் பயமுறுத்தினார்கள். எனக்கு அந்தக் கஷ்டமே வரவில்லை. என் வீட்டுக்காரர் கிளமென்ட் ஓய்வு பெற்ற அடுத்த மாதமே ரோடு தேடக் கிளம்பிவிட்டார். எங்கள் வீடு எடமலைப்பட்டி புதூரில் இருக்கிறது. வாசலில் நின்றால் மதுரை ரோட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். ரோட்டுக்கு இத்தனை பக்கத்தில் குடியிருந்துகொண்டு ரோடு தேடிப் பஸ் ஏறிப் போகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இவர் தேடுவது சாதாரண ரோடு இல்லை. சோழர் காலத்துப் பெருவழி. உறையூரில் புறப்பட்டுத் தென்மேற்கே மணப்பாறைப் பக்கமாகப் போய், அப்படியே மதுரைச் சீமைக்குள் இறங்கிய வழி ஒன்று இருந்தது, அது இப்போதுள்ள எந்த ரோட்டுக்கும் அடியில் இல்லை, தனியாக வேறு தடத்தில் போனது என்பது இவருடைய கட்சி. நான் புத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். நிரூபிக்காத எதையும் ஒத்துக்கொண்டு எனக்குப் பழக்கம் இல்லை. அதனால் இந்தக் கட்சியில் நான் சேரவில்லை. சாப்பாடு கட்டிக் கொடுப்பதோடு சரி.

ரோடு அழிந்தாலும் அதன் உடம்பு மண்ணில் கிடக்கும் என்பார் இவர். அந்தக் காலத்தில் ரோடு போடுவது எப்படி என்றால், இரண்டு பக்கமும் மண்ணை வெட்டி நடுவில் கொட்டி உயர்த்துவார்களாம். அப்போது நடுவில் ஒரு மேடு, பக்கத்துக்கு ஒரு வாய்க்கால் போன்ற பள்ளம். நூறு நூறாக வருஷங்கள் போய், ஏர் ஓட்டி, மழை பெய்து எல்லாம் மட்டமான பிறகும் நிலம் லேசாக மூச்சை இழுத்துப் பிடித்தது போலப் புடைத்துக்கொண்டு நிற்குமாம். உச்சி வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது. காலையில் வெயில் சாய்வாக விழும்போது நிழல் காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தில் மட்டும் கடலைச் செடி குட்டையாக இருக்கும், ஏனென்றால் அடியில் மண் இறுகிக் கிடக்கிறது. மழை நின்ற பிறகு சுற்றிலும் காய்ந்த பின்னும் அந்தப் பக்கவாட்டுப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் கோடு போட்ட மாதிரி நிற்கும். இதையெல்லாம் எனக்கு இட்லி வேகிற நேரத்தில் அடுப்படியில் நின்று சொல்வார். கேட்டுக்கொள்வேன்.

ஒருநாள் மனசு கேட்காமல், "இத்தன வருஷம் ரோட்டோட மல்லுக்கட்டுனது போதாதா? இன்னும் என்னங்க ரோடு?" என்று கேட்டேன்.

"எங்க டீச்சர் மல்லுக்கட்டுனேன்?" என்றார். வீட்டில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். "நெடுஞ்சாலைத் துறையில வரைவாளரா இருந்தேன். ஸ்டூல்ல உக்காந்து பேப்பர்ல கோடு போட்டேன். அது எந்த ஊரு, அங்க வெயில் எப்படி அடிக்கும், எதையும் பாத்ததில்ல. நான் வரைஞ்ச ரோட்ல நான் நடந்ததே இல்ல. இந்தப் பெருவழியப் போட்டவன் வரையல. நடந்தே போட்டிருக்கான். அவன் பின்னாடி கொஞ்ச தூரம் நடந்து பாக்கணும்னு இருக்கு."

இப்படிப் பேசினால் மேற்கொண்டு எப்படித் திட்டுவது? "சரி, நடந்து பாத்துட்டீங்கன்னா அப்புறம்?" என்றேன்.

"விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் வந்து பாத்து, 'ஆமா, இது ரோடுதான்'னு சொல்லணும். அவ்வளவுதான்."

"நான் சொன்னா போதாதாக்கும்?"

"நீ சொல்ல மாட்டியே, டீச்சர்" என்று சிரித்தார். உண்மைதான். நான் சொல்ல மாட்டேன்.

இவரிடம் ஒரு குறை உண்டு. எங்கே போனாலும் பார்க்க அதிகாரி மாதிரி இருப்பார். நெட்டை உடம்பு, இன் பண்ணின வெள்ளை அரைக்கைச் சட்டை, கையில் மடக்கின குடை, குனிந்து மண்ணையே பார்க்கும் முகம். வேட்டி கட்டிக்கொண்டு போங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் பழைய இறங்குதுறையின் சரிவைத் தேடிக்கொண்டு ஒரு வாரம் அலைந்தார். பெருவழி உறையூரில் தொடங்கவில்லை, அது ஆற்றுக்கு வடக்கேயிருந்தே வந்திருக்க வேண்டும் என்று அப்போது ஒரு யோசனை. குளிக்க வந்தவர்கள் நாலு பேர் சூழ்ந்துகொண்டு, "மணல் குவாரி தொறக்கப் போறாங்களா? எங்கள மீறி ஒரு லாரி இறங்கிடுமா பாக்கறோம்" என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். பழைய ரோடு தேடுகிறேன் என்று இவர் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை. கடைசியில் என்னைப் போனில் பேச வைத்துத்தான் தப்பித்து வந்தார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இதே குறை ஒரு குடும்பத்தைத் தண்ணீரில் உட்கார வைக்கும் என்று அப்போது தெரியாது.

மணப்பாறைக்குப் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே நடந்து போகிற ஒரு ஊர் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் மறுபடியும் அங்கே ரோடு வருகிறது என்று கிளம்பிவிடும். அந்த ஊரில் ராமர் என்ற விவசாயியின் புன்செய்க் கொல்லையில்தான் இவர் தன் மேட்டைக் கண்டுபிடித்தார். அன்று வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அடுப்படிக்கு வந்தார். எட்டு ஒன்பது வருஷத் தேடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டுகள் கிடைத்தனவே தவிர, மேடு, இரண்டு பக்கப் பள்ளம் எல்லாம் சேர்ந்தாற்போல உருக்குலையாமல் கிடைத்தது இந்த ஓர் இடத்தில்தான். போதாததற்கு மேட்டின் ஒரு கோடியில் சுமைதாங்கிக் கல் ஒன்றும் நின்றது. தலைச்சுமைக்காரர்கள் அடுத்தவர் துணை இல்லாமல் பாரத்தை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காக, இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்களே, அது. "கொல்லைக்கு நடுவுல யாரு சுமை தூக்கிட்டுப் போவா? ரோடு இருந்ததாலதான கல்லு?" என்றார். அவர் கண்ணெல்லாம் ஈரம். நான் சட்டென்று திரும்பிக் குழம்பைக் கிண்டினேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் அந்த ஊருக்குப் போனார். சில வாரம் நானும் போவேன். மேட்டுக்காக இல்லை, ராமரின் மனைவி விஜயராணிக்காக. அவள் சிரித்தால் அடுத்த கொல்லைக்குக் கேட்கும். இவரை 'ரோட்டு சார்' என்று கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான். "வாங்க ரோட்டு சார், இன்னைக்கு எவ்வளவு தூரம் போட்டீங்க?" என்பாள். கம்மங்கூழோ கீரைக் குழம்போ, என்ன இருக்கிறதோ அதைக் கொடுத்துச் சாப்பிடாமல் விட மாட்டாள். ராமர் அதிகம் பேச மாட்டார். இவர் மேட்டில் குனிந்து குனிந்து நடப்பதை மாட்டை அவிழ்த்துவிட்டுக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்.

அவர்கள் வீடு கொல்லையின் தாழ்ந்த ஓரத்தில் இருந்தது. ஒரே அறை, ஓட்டு வீடு. ஐப்பசி பிறந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும். வருஷா வருஷம் இதே கதை. இந்த வருஷம் எப்படியாவது மழைக்கு முன்னால் புது வீடு எழுப்பிவிட வேண்டும் என்று இருவரும் தீர்மானம் பண்ணிவிட்டார்கள். அவர்களுக்கு இருக்கிற கொஞ்ச நிலத்தில் தண்ணீர் நிற்காத இடம் ஒன்றே ஒன்றுதான். இவருடைய மேடு.

செங்கல் மேட்டின் மேல் வந்து இறங்கியது. அஸ்திவாரக் கருங்கல்லும் இறங்கியது. சுண்ணாம்பில் கோடு போட்டார்கள். இவர் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. "அவங்க எடம். அவங்க வீடு. நான் யாரு?" என்றார். நகரத்துக் கல்லூரி ஒன்றில் சரித்திரம் நடத்துகிற பேராசிரியர் பெனடிக்ட் எங்கள் மாதா கோயிலுக்கு வருகிறவர், இந்த விஷயமெல்லாம் தெரிந்தவர். இவர் அவருக்குப் போன் போட்டு, ஒருமுறை வந்து பாருங்கள் என்று கெஞ்சினார். அவர் அப்போது வெளிமாநிலத்தில் ஏதோ வேலையில் இருந்தார். டிசம்பரில் கண்டிப்பாக வருகிறேன் என்றார். டிசம்பரில் அங்கே வீடுதான் இருக்கும்.

அந்த நேரம் பார்த்து வேலை நின்றது.

நாங்கள் போனபோது சுண்ணாம்புக் கோடு பாதி கலைந்து கிடந்தது. மேட்டில் ஒரு ஆளையும் காணோம். ராமர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். கொத்தனார் முருகானந்தத்துக்கு இவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டதாம். பல வருஷத்துக்கு முன்னால் பைபாஸ் ரோட்டுக்கு அவருடைய மாமாவின் கொல்லை போனது. மனு கொடுக்க மாமாவோடு ஆபீசுக்குப் போனவர், இவர் மேஜையில் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்ததை நேரில் பார்த்திருக்கிறார்.

"'எங்க மாமன் கொல்ல மேல கோடு போட்ட ஆளு இவருதான். இவரு குனிஞ்சு பாக்கற எடத்துலல்லாம் ரோடு வரும். பழைய ரோட்டத் தேடி எவன் வருவான்?'ங்கறாரு சார்" என்றார் ராமர். "ஊரே அப்படித்தான் பேசிக்கிது. வீட்டக் கட்டினா இடிச்சிருவாங்களாம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. இங்க ரோடு வருதா?"

வராது. இவருக்குத் தெரியும். ஓய்வு பெற்றாலும் பழைய ஆபீஸ் நண்பர்களோடு பேசாத வாரம் இல்லை. அந்தப் பக்கம் எந்த ரோடும் திட்டத்தில் இல்லை என்று எனக்கே தெரியும். இவர் மேட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அதெல்லாம் மேல முடிவு பண்றது, ராமர். எனக்குத் தெரியலையே" என்றார்.

என் கையில் மோர் டம்ளர் இருந்தது. குடிக்க முடியவில்லை, வைத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் போய் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். வீடு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்ன தெரியாது உங்களுக்கு? சொல்லுங்க, என்ன தெரியாது?"

"நானா அந்தப் புரளியக் கிளப்புனேன்?" என்றார். "டிசம்பர் வரைக்கும் மேட்ட யாரும் தொடாம இருந்தா போதும் டீச்சர். பெனடிக்ட் வந்து ஒரு தடவ பாத்துட்டாருன்னா, மறுநாளே நானே போய்ச் சொல்லிடறேன்."

"நடுவுல ஐப்பசி வருமே?"

"ஒரு மழைக்காலந்தான? இத்தன வருஷமா இருந்தவங்கதான?"

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷர்மேல் எனக்கு எத்தனையோ தடவை கோபம் வந்திருக்கிறது. அன்று வந்தது வேறு மாதிரி கோபம். தண்ணீருக்குள் குடும்பம் நடத்துகிறவர்களைப் பார்த்து, இத்தனை வருஷம் இருந்தவர்கள்தானே என்று சொல்ல இவருக்கு எப்படி வாய் வந்தது? பிச்சைக்காரர் வந்தால் பையில் இருப்பதைப் பார்க்காமல் எடுத்துக் கொடுக்கிறவர். தெருநாய்க்குக் காய்ச்சல் என்றால் தூங்காதவர். ஒரு மேடு இப்படி ஆக்கிவிட்டதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நானே விஜயராணிக்குப் போன் போட்டு, ரோடு எதுவும் வராது, வேலையைத் தொடங்குங்கள் என்றேன். அவள் சிரித்தாள். "சாரே தெரியலங்கறாரு. உங்களுக்கு எப்படி டீச்சரம்மா தெரியும்? எங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க" என்றாள்.

அந்த வருஷம் மழை ஐப்பசி பிறந்த உடனேயே பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. எங்கள் தெருவே வாய்க்காலாகிவிட்டது. இவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. ராமருக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. தட்டில் சோற்றை வைத்தால் அப்படியே இருந்தது. நான் சொல்ல வேண்டியதை மழை சொல்லிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வெளியே வந்ததும், "வீட்டுக்குப் போக வேண்டாம் டீச்சர். அப்படியே பஸ் ஏறுவோம்" என்றார்.

ராமர் வீட்டுக்குள் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் நின்றது. கட்டிலுக்கு அடியில் செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தார்கள். புது வீட்டுக்கென்று மேட்டில் இறக்கிய செங்கல். அந்தக் கட்டிலின் மேல் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் விஜயராணி. எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வாங்க ரோட்டு சார், வாங்க டீச்சரம்மா. மேல ஏறி உக்காருங்க. காலத் தண்ணில தொங்க விடாதீங்க, பூச்சி பொட்டு இருக்கும். ஒரு வாய் டீ போட்டுடறேன்."

குறை சொல்லும் தொனி அதில் துளிக்கூட இல்லை. அதுதான் இவரை உடைத்துவிட்டது. பேன்ட் நனைய அந்தத் தண்ணீரிலேயே நின்றுகொண்டு டீயைக் கையில் வாங்கினார். குடிக்கவில்லை.

"ராமர், ரோடு வராது" என்றார். "அன்னைக்கே எனக்குத் தெரியும். அந்த மேடு டிசம்பர் வரைக்கும் அப்படியே இருக்கட்டும்னு நெனச்சேன். அதுக்காகத் தெரியாதுன்னு சொன்னேன். என் புத்தி அப்படிப் போயிடுச்சு. நீங்க ரெண்டு பேரும் என்னை மன்னிக்கணும்."

ராமர் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் இவரைப் பார்த்து, "பரவால்ல சார், உங்களுக்கு மேலேருந்து என்ன நெருக்கடியோ" என்றார். நம்பவில்லை.

கொத்தனார் முருகானந்தத்தைத் தேடிக்கொண்டு போனோம். மழை கொஞ்சம் வெறித்திருந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துகூட நிற்கவில்லை. "அன்னைக்குத் தெரியாதுன்னீங்க. இன்னைக்கு வராதுங்கறீங்க. எது சார் நெசம்? எங்க மாமாகிட்டயும் முதல்ல வராதுன்னுதான் சொன்னாங்க" என்றார். இவர் தலை குனிந்து நின்றார். நானும் என்னென்னவோ சொன்னேன். டீச்சர் சொல்லை மாணவிகள் கேட்பார்கள், கொத்தனார் ஏன் கேட்க வேண்டும்?

கடைசியில் முருகானந்தமே ஒரு வழி சொன்னார். அஸ்திவாரத்துக்குப் பள்ளம் எடுப்பதை இந்தப் பக்கம் வானம் தோண்டுவது என்பார்கள். "இடியப் போற வீட்டுக்கு மொத வெட்டு வெட்டினவன் வீடு வெளங்காது. அதான் நான் கை வைக்கல, எனக்கும் பிள்ளைங்க இருக்கு. தெரிஞ்சே எவனும் அதச் செய்ய மாட்டான். ரோடு வராதுங்கறது நெசம்னா, மொத வெட்டு நீங்க வெட்டுங்க சார். உங்க சாமி பேரச் சொல்லியே வெட்டுங்க. மறு வெட்டு நான் வெட்டறேன்."

இவர் என்னைப் பார்த்தார். எந்த மேட்டை யாரும் தொடக் கூடாது என்று பொய் சொன்னாரோ, அதில் முதல் மண்வெட்டி இவருடையதாக இருக்க வேண்டும். "எந்த நாளு?" என்றார்.

மழை விட்ட ஒரு காலையில் நல்ல நேரம் பார்த்தார்கள். விஜயராணி சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்தாள். இவர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். வாழ்நாளில் மண்வெட்டி பிடித்திராத கை. முதல் வெட்டு சரியாக இறங்கவில்லை. இரண்டாவது இறங்கியது. முருகானந்தம் இவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கித் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "ம், ஆகட்டும்" என்று தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார். அதோடு புரளி செத்தது.

நான் வீட்டுக்குப் போகலாம் என்றேன். இவர் அசையவில்லை. வானம் இடுப்பளவு இறங்கியதும் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே இறங்கினார். மேட்டின் குறுக்கே போகிற நீளப் பள்ளம் அது. ஒரு பக்கச் சுவரைக் கையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தார். அப்புறம் அப்படியே நின்றுவிட்டார்.

"டீச்சர், இங்க வா."

சேற்றில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மேலே உழவு மண். அதற்குக் கீழே சிவப்புச் சரளை ஒரு பட்டை, இறுகிக் கல் மாதிரி. அதற்குக் கீழே மண், மறுபடியும் சரளை, மறுபடியும் மண். ஒருமுறை போட்டது தேய்ந்ததும் அதன்மேல் இன்னொரு முறை போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டைகள் ஒன்றும் நேராக இல்லை. நடுவில் மேடாகி, இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் சரிந்து, ஓரத்துப் பள்ளத்தில் போய் முடிந்தன. மழைத் தண்ணீர் நிற்காமல் வடிவதற்காக ரோட்டை நடுவில் உயர்த்தி இரண்டு பக்கமும் சரிவாகப் போடுவார்கள். அந்த வளைவை இவர் வாழ்நாள் முழுக்கக் காகிதத்தில் வரைந்திருக்கிறார். எங்கள் கல்யாணம் ஆன புதிதில் சாப்பாட்டு மேஜையில் அதைப் போட்டுக் காட்டியிருக்கிறார். இப்போது அதே வளைவின் மேல், அதைப் போட்ட யாரோ ஒருத்தனின் வேலையின் மேல், இவர் விரலை வைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். விரல் ஓரம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த மனுஷர் அழுதார். வாய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி.

'ஆமா, இது ரோடுதான்' என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. அதற்குப் பதில் முந்தானையை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தேன்.

முருகானந்தம் மேலே நின்று எட்டிப் பார்த்தார். சரளையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "நெசமாவே இதத்தான் தேடினீங்களா சார்?" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. "வேணும்னா நிப்பாட்டிடவா? வீட்ட நாலடி தள்ளிப் போட்டுக்கலாம்." ராமரும் தலையாட்டினார்.

நாலடி தள்ளினால் பக்கத்துப் பள்ளம். அதில் இன்னும் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. விஜயராணி அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவர் அவளைப் பார்த்தார், மேலே மேகத்தைப் பார்த்தார். போனை எடுத்து அந்தச் சுவரை நாலைந்து படம் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் முருகானந்தம். மறுபடி மழை வருது. கல்ல எறக்குங்க" என்றார். முதல் கல்லுக்கு அவரே ஒரு பக்கம் கை கொடுத்தார்.

சொன்னபடியே டிசம்பரில் பேராசிரியர் பெனடிக்ட் எங்கள் வீட்டுக்கு வந்தார். படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு. ஆனா படத்த வச்சு எதையும் உறுதியாச் சொல்ல முடியாது கிளமென்ட். இந்தச் சரள எந்தக் காலத்துதுன்னு நேர்ல பாக்காம எப்படிச் சொல்றது? ஒரு மாசம் முன்னாடி நான் வந்திருக்கணும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்தும் எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. இவர் சிரித்துக்கொண்டே கிறிஸ்துமஸ் கேக்கை வெட்டி அவருக்குக் கொடுத்தார். அவர் போன பிறகு படங்களைத் திரும்ப ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை. சனிக்கிழமை வந்தால் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் மற்ற டீச்சர்கள் சொன்ன திண்டாட்டம் என்னவென்று எனக்குப் புரிந்தது. வீட்டில் ஒரு மனுஷர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது அவ்வளவு கஷ்டம்.

தை மாதம் ராமர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போனோம். மேட்டின் மேல் நீல வண்ணம் அடித்த வீடு எடுப்பாக நின்றது. கோடியில் சுமைதாங்கிக் கல்லுக்கும் விஜயராணி மஞ்சள் குங்குமம் வைத்திருந்தாள். இவர் வாசலிலேயே தயங்கி நின்றார். "என்ன ரோட்டு சார், மொத வெட்டு வெட்டிட்டு இப்ப வெளியில நின்னா எப்படி?" என்று அவள் இவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். முருகானந்தம் வந்து இவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

கூடத்தில் பந்தி போட்டார்கள். எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இலை. இவர் உட்கார்ந்த இடத்தில் தரையைக் கையால் தடவினார். ஜன்னலைப் பார்த்தார், எதிர்ச் சுவரைப் பார்த்தார், மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "சரியா ரோட்டு நடுவுல உக்காந்திருக்கோம், டீச்சர்" என்றார். சொல்லிவிட்டு, வழக்கம்போல நான் ஏதாவது கிண்டல் செய்வேன் என்று முன்கூட்டியே சிரித்துக்கொண்டார்.

"அப்ப ஓரமா நகந்து உக்காருங்க. வண்டி வரும்" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. என் முகத்தையே பார்த்தார். கிண்டல் எங்கே இருக்கிறது என்று தேடினார் போலிருக்கிறது. இல்லை. சாம்பார் வாளியோடு வந்த ராமர் எங்களுக்கு முன்னால் குனிந்து காத்துக்கொண்டு நின்றார். இவர் இலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு, நிஜமாகவே சுவர் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். நானும் என் இலையை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நகர்ந்தேன்.